லைன் பொறுப்பு ஏற்ற மகளுக்கு

அன்புள்ள கயலுக்கு,

டீசர்ட் தைக்கிற கம்பெனியில் ஒரு தையல் லைனையே உன் கையில் கொடுத்துவிட்டார்கள் என்று அம்மா சொன்னாள். ரொம்ப சந்தோஷம் கண்ணு. பயிற்சி வகுப்பில் "லீடர்னா பாசிட்டிவா இருக்கணும்" என்றார்களாம், அதை மிஷின் நடுவில் நின்றுகொண்டு எப்படிச் செய்வது என்று கேட்டாயாம். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

மணி பதினொன்று ஆகியும் டார்கெட்டில் பாதிகூட வரவில்லை என்று வை. அந்த நேரத்தில் கைதட்டி "முடிச்சிரலாம், முடிச்சிரலாம்" என்றால் டைலர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். கணக்கு அவர்களுக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். தெம்பு வர வேண்டுமென்றால் போர்டில் எழுதுகிற எண்ணிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். லைனில் 20 பேர், ஒரு டீசர்ட்டுக்கு 8 நிமிட வேலை என்றால் நூறு சதவீதத்தில் மணிக்கு 150 பீஸ். புது ஸ்டைல், அதாவது புது மாடல், ஏறிய அன்று எந்த லைனும் அப்படி ஓடாது. முதல் நாளே 150 எழுதினால் காலை டீ வருவதற்குள் லைன் தோற்றுப்போய் உட்கார்ந்திருக்கும். 40 சதவீதம் வைத்து 60 எழுது. மறுநாள் 75, கை பழகியபின் 90. மேலே இருப்பவர்கள் முகம் சுளித்தால் இந்தக் கணக்கையே காட்டு.

அடுத்து, வெட்டிய துணிக் கட்டான பண்டல் எந்த மிஷினுக்கு முன்னால் குவிகிறது என்று பார். ரவுண்ட் நெக்கில் பெரும்பாலும் கழுத்து ரிப்பை, அதாவது இழுத்தால் விரியும் கழுத்துப் பட்டையை, ஏற்றுகிற ஓவர்லாக் மிஷினில்தான் குவியும். மற்றவர்கள் 90 தைத்தாலும் அங்கே 65 என்றால் உன் லைன் 65தான். அந்த அக்காவின் பின்னால் போய் நின்று "சீக்கிரம்" என்றால் ரிப்பை இழுத்துப் பிடித்துத் தைப்பார். கழுத்து நெளியும், செக்கிங்கில் பீஸ் திரும்பி வரும், அவர் பாடு இரட்டிப்பாகும். அதற்குப் பதில் பத்து பீஸுக்கு நேரம் எடு. மணிக்கு 65 என்றால் பீஸுக்கு 55 விநாடி. 90 வர 40 விநாடி ஆக வேண்டும். ஆக, உனக்கு வேண்டியது 15 விநாடி. "அந்தம்மா ஸ்லோ" என்ற பேச்சு இங்கேயே முடிந்துவிடும், ஏனென்றால் 15 விநாடியைத் தேடலாம். ரிப் வளையத்தை நான்காகப் பிரித்துக் குறி வைத்துக் கொடுக்கிறார்களா, இல்லை அவரே கண்ணால் அளந்து பிடிக்கிறாரா? பண்டல் கட்டை அவிழ்ப்பது யார்? நூல் வெட்டுவது யார்? இந்த மூன்றையும் ஒரு கைமடிக்கு, அதாவது உதவியாளுக்கு, மாற்றிவிட்டு மறுபடி பத்து பீஸுக்கு நேரம் எடு. என்ன குறைந்தது என்று அவரிடமே காட்டு. தைக்கிறவர் அவர். இன்னும் எங்கே விநாடி ஒளிந்திருக்கிறது என்று அவரே சொல்லுவார்.

இதைவிடப் பெரியது, கெட்ட சேதி வந்ததும் உன் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை. ஒரு பெண் வந்து "அக்கா, தையல் விட்டு விட்டு விழுது" என்கிறாள். "என்ன பண்ணித் தொலைச்சே?" என்றால் அவள் இனி வரமாட்டாள். அடுத்த தடவை அந்தப் பீஸ் பண்டலுக்கு அடியில் போகும். பெட்டி கட்டிய பிறகு ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் லாட் ஃபெயில் ஆனால் எல்லாப் பெட்டியையும் பிரித்து உட்கார வேண்டியதுதான். "நல்லவேளை இப்பவே சொன்னே. காட்டு. எந்தப் பண்டல்ல இருந்து வருது? அதுக்கு முன்னாடி எது மாறுச்சு, ஊசியா, நூலா, துணியா?" இவ்வளவு போதும். தையல் விட்டால் முதலில் ஊசி வளைந்திருக்கிறதா, நேராக மாட்டியிருக்கிறதா என்று பார். பிறகு நூல் கோத்த வழி. இரண்டும் சரியாக இருந்தால், ஊசிக்குக் கீழே நூலைப் பிடிக்கிற லூப்பரின் டைமிங், அது மெக்கானிக் வேலை. தையல் ஓரத்தில் பொடிப்பொடியாக ஓட்டை தெரிந்தால் ஊசி முனை மழுங்கியிருக்கும், துணிக்கு மிஞ்சிய தடிமனான ஊசி போட்டிருப்பார்கள், அல்லது பின்னல் துணிக்கு உருண்டை முனை ஊசி போடாமல் விட்டிருப்பார்கள். ஊசி உடைந்தால் துண்டு முழுவதும் கிடைத்து ஊசிப் பதிவு நோட்டில் ஒட்டும்வரை அந்த மிஷினை ஓடவிடாதே.

ஒடிசா, பீகார் பிள்ளைகளும் உன் லைனில் இருப்பார்கள். ஒவ்வொரு மிஷினிலும் ஒரு சிவப்பு அட்டை வை. கோளாறு என்றால் தூக்க வேண்டும், நீ ஒரு நிமிடத்துக்குள் அங்கே இருக்க வேண்டும். பாஷை தேவையில்லை. இந்த யோசனை நம் தொழிலோடு ஒட்டியதுதான். ஜப்பானில் சகிச்சி டொயோடா செய்த தறி, நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும். அந்தக் குடும்பம் டொயோட்டா என்ற பெயரில் கார் செய்யப் போனபோது தொழிலாளி கயிற்றை இழுத்தால் லீடர் ஓடிவரும் முறையாக அது மாறியது. "ஆளே சரியில்லை, நான் என்ன பண்ண?" என்று புலம்பத் தோன்றும்போது கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டை நினைத்துக்கொள். சண்டையும் லீவுமாகக் கிடந்த அந்தக் கார் ஃபேக்டரியை ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடியது. 1984இல் டொயோட்டாவோடு சேர்ந்து திறந்தபோது வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய ஆட்கள், அதே யூனியன். ஆனால் இந்தத் தடவை கயிறு அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. தரம் மளமளவென்று ஏறியது.

"பிரச்சினையைத் தூக்கிட்டு வராதே, தீர்வோட வா" என்று சில மேனேஜர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நீ சொல்லாதே. கோளாறைக் கண்ணால் பார்த்தவருக்குத் தீர்வு தெரிந்திருக்க வேண்டுமென்று என்ன கட்டாயம்? அவர் பேசாமல் இருந்துவிடுவார், அவ்வளவுதான்.

எப்போதும் குறை சொல்லும் ஒருவர் எந்த லைனிலும் இருப்பார், பெரும்பாலும் அனுபவமுள்ள கை. அவரிடம் "போன வாரம் எந்த நாள் நல்லா ஓடுச்சு, அன்னிக்கு என்ன வித்தியாசம்?" என்று கேள். கட்டிங் வரிசையாக வந்தது, துணியின் நிற ஷேடு கலக்கவில்லை என்று ஏதாவது ஒன்று சொல்லுவார். அது உனக்குத் தங்கம்.

காலையில் நின்றபடியே ஐந்து நிமிடம் பேசு. நேற்று வந்த எண், இன்றைக்கு ஒரே ஒரு கோளாறு, அதை யார் எத்தனை மணிக்குள் பார்ப்பது. ஆள் பேரும் நேரமும் இல்லாவிட்டால் அது வெறும் பேச்சு. உன் கையில் இல்லாததை, ஃபேன் சத்தமோ கேன்டீன் சாப்பாடோ, "மேனேஜர்கிட்ட சொல்லியாச்சு, வியாழக்கிழமை பதில்" என்று எழுது. பதில் "முடியாது" என்றாலும் வியாழக்கிழமை வந்து சொல்லிவிடு. சொன்ன நாளில் வாயை மூடிக்கொண்டால் அடுத்த தடவை உன்னிடம் யாரும் எதையும் கொண்டுவர மாட்டார்கள்.

மேனேஜரிடம் போகும்போதும் இதே வழிதான். "முடியாது சார்" என்று நிற்காதே, "பார்த்துக்கலாம் சார்" என்றும் தலையாட்டாதே. "இன்னிக்கு 600 வரும், 800 வராது. பக்கத்து லைன்ல இருந்து ரெண்டு டைலர் கொடுத்தா 680 தரலாம், இல்லைன்னா மிச்சம் நாளைக்கு." ஓவர்டைம் என்று அவர் சொன்னால், சட்டப்படி இரட்டைச் சம்பளம் என்பதையும் அங்கேயே பேசி முடித்துக்கொண்டு வா. அதன்பிறகு லைனில் கேள்.

இத்தனையையும் ஒரே வாரத்தில் செய்யக் கிளம்பிவிடாதே. முதல் வாரம் போர்டும் சிவப்பு அட்டையும் மட்டும். ஆரம்பத்தில் அட்டை நிறையத் தூக்குவார்கள், உனக்குக் கால் வலிக்கும், "இவ லைன்லதான் இவ்வளவு கோளாறு" என்று பக்கத்து லைன்காரர் சிரிப்பார். ஒருவரும் தூக்காமல் இருந்தால்தான் கவலைப்படு. இரண்டாவது வாரம் கழுத்து மிஷினில் நேரம் எடு. 15 விநாடியில் எத்தனை கிடைத்தது என்று எனக்குப் போன் பண்ணிச் சொல்.

அன்புடன்,
அப்பா