சேகருக்கு ஒரு பதில்

பாளையங்கோட்டை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வந்தது. இந்தக் காலத்திலும் இன்லேண்ட் லெட்டரில் இடம் பற்றாமல் ஓரத்தில் சுற்றிச் சுற்றி எழுதுகிறவன் நீ ஒருத்தன்தான். இங்கே எல்லாரும் சுகம். கமலாவுக்கு முழங்கால் வலி தேவலை, பிடித்துக்கொண்டு மாடி ஏறுகிறாள். சின்னவனுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் ஆகிவிட்டது. வீடு கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கிறது.

இனி உன் வழக்குக்கு வருகிறேன். டாக்டர் சிகரெட்டை நிறுத்தச் சொன்னால், சிகரெட்டால் வரும் நன்மைகளை நம்பர் போட்டு எனக்கு எழுதி அனுப்புகிறாய். அவரிடம் சொல்லத் தைரியம் இல்லையாக்கும்.

நீ எழுதியதில் உண்மை இல்லாமலில்லை. அல்சரேடிவ் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் புண் புகைக்கிறவர்களுக்குக் குறைவாகத்தான் வருகிறது. அதற்குப் பங்காளியான கிரோன் நோயை அதே புகை முற்றவைக்கிறது என்பதை மட்டும் வசதியாக விட்டுவிட்டாய். விட்டால் எடை கூடும் என்பதும் சரி, முதல் வருடத்தில் சராசரியாக 4, 5 கிலோ ஏறுகிறதாம். உன் உடம்புக்கு அது ஏறினால் சட்டை பொருந்தி நிற்கும். காலையில் ஒன்று பற்றவைத்தால்தான் வெளிக்குப் போகிறது என்கிறாய். நிக்கோட்டின் குடலைக் கிளறிவிடும்தான். சாந்தி போடுகிற காபியும் அதைச் செய்யும்.

டென்ஷன் குறைகிறது என்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன். ரத்தத்தில் ஏறிய நிக்கோட்டின் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. அப்போது ஒரு படபடப்பு வரும், கை பாக்கெட்டைத் தேடும். அந்தப் படபடப்பை உண்டாக்கியதே முந்தைய சிகரெட்தான். விட்டவர்களையும் விடாதவர்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைச் சேர்த்து 2014ல் பார்த்தபோது, விட்டவர்களுக்குத்தான் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன.

புகைக்கிறவர்களுக்குப் பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் குறைவாக வருகிறது என்று நீ நடுவில் எழுதியிருந்ததை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் அப்பாவைக் கடைசி வருடங்களில் பார்த்தவன் நான். சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிடும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாரே, அது மறக்குமா? அந்த நடுக்கம் உனக்கும் வந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்துக்கு நீ பிடித்திருக்கும் மருந்தின் கணக்கைப் பார்ப்போம்.

பிரிட்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1951ல் புகைக்கும் பழக்கத்தைப் பற்றி டாக்டர்களுக்கே கேள்வித்தாள் அனுப்பினார்கள். பதில் எழுதிய 34,000க்கும் மேற்பட்ட ஆண் டாக்டர்களை ஐம்பது வருடம் விடாமல் தொடர்ந்தார்கள். 2004ல் வந்த முடிவு: விடாமல் புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாக 10 வருடம் முந்திப் போய்ச் சேர்ந்தார்கள். நீ சொல்கிற பார்க்கின்சன் கணக்கும் அதே டாக்டர்களிடமிருந்து வந்ததுதான். 2020ல் வெளியானது, புகைத்தவர்களுக்கு அந்த நோய் சுமார் 30 சதவீதம் குறைவு. ஒரே நோட்டு. அதில் ஒரு பக்கத்தைக் கிழித்து எனக்கு அனுப்பியிருக்கிறாய்.

அறுபதைத் தாண்டியவர்களில் பார்க்கின்சன் வருவது நூற்றில் ஒருவர் கணக்கு. உன் வீட்டில் இருந்ததால் உனக்குக் கொஞ்சம் கூடுதல் என்றே வைத்துக்கொள். விடாமல் புகைக்கிறவர்களிலோ பாதிப் பேரையாவது அந்தப் பழக்கமே கொண்டுபோகிறது. இன்னொன்று, ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் நோய் ஆரம்பித்தவர்களுக்கு ஒரு வருடம் நிக்கோட்டின் பேட்ச் ஒட்டிப் பார்த்தார்கள். நோயின் வேகம் குறையவில்லை. நோய் வரப்போகிற மூளைக்குச் சிகரெட் ருசிப்பதில்லை, அதனால் அவர்கள் சுலபமாக விட்டுவிடுகிறார்கள் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

முப்பது வருடம் காலேஜில் புள்ளியியல் நடத்தியவன் நீ. தொடர்பு இருப்பதாலேயே காரணம் ஆகிவிடாது என்று பையன்களுக்குப் போர்டில் எழுதிப்போட்டவன். கேன்சர் என்றால் அந்த வரியைச் சொல்கிறாய், பார்க்கின்சன் என்றால் தொடர்பே போதும் என்கிறாய். இது எந்த ஊர் நியாயம்டே? நீ கும்பிடுகிற புள்ளியியல் மேதை ஃபிஷரும் இப்படித்தான். அவ்வளவு பெரிய மூளை, வாயில் பைப், சிகரெட் கம்பெனிகளுக்கு ஆலோசகர். புகைக்கும் ஆசையும் கேன்சரும் ஒரே பரம்பரைக் குணத்திலிருந்து வரலாமே என்று கடைசிவரை வாதாடினார். டால் தானும் புகைத்துக்கொண்டிருந்தவர்தான். தன் கணக்கே தன்னைப் பார்த்துப் பேசியதும் விட்டார், 92 வயதுவரை இருந்தார்.

நான் இன்ஷூரன்ஸில் காலத்தை ஓட்டியவன், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். டேர்ம் பாலிசி கேட்டு வருகிறவன் புகைக்கிறவனா என்று சிறுநீரில் கோட்டினின் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், நிக்கோட்டின் உடம்பில் மாறி உண்டாகும் பொருள் அது. இருந்தால் பிரீமியம் ஏறும். பார்க்கின்சன் வராது என்று தள்ளுபடி கொடுத்த கம்பெனியை நான் கண்டதில்லை. காசு போடுகிறவன் இரண்டு பக்கத்தையும் கூட்டித்தான் பார்ப்பான்.

உன் தம்பி ராஜன் பீடிக்கு மாறிவிட்டதாகவும், இலைதானே, கெடுதல் கம்மி என்கிறான் என்றும் எழுதியிருந்தாய். அவனிடம் சொல், முக்கூடல் பக்கம் மடியில் சுளகை வைத்துக்கொண்டு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலிக்குச் சுற்றும் பெண்கள் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். பீடி இழுக்காவிட்டால் அணைந்துபோகும். அதனால் அடிக்கடி, ஆழமாக இழுக்கவேண்டியிருக்கிறது, தாரும் கார்பன் மோனாக்சைடும் கூடுதலாக உள்ளே போகின்றன. சென்னையிலும் விழுப்புரம் பக்கமும் இறந்துபோன 43,000 ஆண்களைப் பற்றி விசாரித்து 2003ல் ஓர் ஆய்வு வந்தது. புகைத்தவர்கள் காசநோயில் இறந்தது புகைக்காதவர்களைப்போல் சுமார் 4 மடங்கு. நம் ஊரில் புகை என்றால் கேன்சர் மட்டும் இல்லை. அவன் இருமலை ஒரு தடவை சளிப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போ.

அறுபதுக்கு மேல் விட்டு என்ன ஆகப்போகிறது என்ற உன் கடைசி வரிக்கும் டாலின் நோட்டிலேயே பதில் இருக்கிறது. அறுபதில் விட்டவர்களுக்கு 3 வருடம் திரும்பக் கிடைத்தது, ஐம்பதில் விட்டவர்களுக்கு 6. மெடிக்கலில் நிக்கோட்டின் கம் கிடைக்கும். மிட்டாய் மாதிரி மென்றுகொண்டே இருக்கக்கூடாது, காரம் ஏறியதும் கன்னத்து ஓரத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். எத்தனை, எவ்வளவு நாள் என்று டாக்டரையே கேள். புகையை விட உதவி கேட்க 1800-11-2356 என்று இலவச நம்பரும் இருக்கிறது.

வைகாசியில் தங்கை மகள் கல்யாணம், கோவில்பட்டியில். பத்திரிகை தனியாக வரும். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும்போது இறங்கிவிடலாம். சாந்தியையும் அழைத்துக்கொண்டு வா, இரண்டு நாள் தங்குகிற மாதிரி. டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, முகூர்த்த நாள், பிறகு கிடைக்காது.

அன்புடன்,
கணபதி