மாமாவின் சைகைகளைக் கேட்டு ஒரு கடிதம்

வாஷிங்டன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். குளிர் பழகிவிட்டது. "சைகையில ஆராய்ச்சி பண்ண என்னடி இருக்கு?" என்று போன வாரம் கேட்டாயே, அதற்குப் போனில் பதில் சொல்லி மாளாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் இருக்கும் கேலடெட் பல்கலைக்கழகம் காது கேளாதவர்களுக்கானது. பட்டம் கொடுக்கும் உரிமையை 1864-இல் லிங்கன் கையெழுத்துப் போட்டுத் தந்தார். இங்கே பாடம், அரட்டை, சண்டை எல்லாமே கையில்தான். புதிய கட்டடங்களில் நடைபாதை நல்ல அகலம். இரண்டு பேர் முகம் பார்த்துப் பேசியபடியே நடக்க வேண்டுமே! எதிரே தூண் வந்தால் கூட வருபவர் கையைப் பிடித்து விலக்கிவிடுவார். முதல் மாதம் என்னை அப்படி எத்தனை பேர் காப்பாற்றினார்கள் தெரியுமா?

1955-இல் இங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவர் வில்லியம் ஸ்டோக்கி. சைகையை அரைகுறை ஆங்கிலம் என்று நினைத்திருந்த காலம் அது. கையின் வடிவம், அது இருக்கும் இடம், அசைவு மூன்றும் சேர்ந்துதான் ஒரு சொல் பிறக்கிறது என்று 1960-இல் அவர் எழுதினார். 1965-இல் வந்த அகராதியை அவரோடு சேர்ந்து செய்த டோரதி காஸ்டர்லைனும் கார்ல் க்ரோன்பெர்கும் காது கேளாதவர்கள். அவர்கள் பெயரை விட்டுவிட்டு யாராவது பேசினால் எனக்குப் பொறுக்காது.

நீயே செய்து பார். ஐந்து விரலையும் விரித்து, கட்டைவிரலை மோவாயில் வை. இங்கே அதுதான் அம்மா. அதே கையை நெற்றிக்குக் கொண்டுபோனால் அப்பா. கல், பல் என்பதில் ஓர் எழுத்து மாறுகிற மாதிரி, இங்கே கை இருக்கும் இடம் ஒன்றுதான் மாறுகிறது. புருவத்துக்கும் இலக்கணம் உண்டு: உயர்த்தினால் ஆமாவா இல்லையா என்ற கேள்வி, சுருக்கினால் யார், எங்கே, ஏன்.

வீடியோவை நிறுத்தி நிறுத்தி வலக்கை, இடக்கை, புருவம், வாய் என்று தனித்தனி வரியில் குறிப்பதுதான் என் வேலை. ஒரு நிமிஷ வீடியோவுக்கு அரைநாள் போய்விடும். சந்தேகம் வந்தால், இந்த மொழியிலேயே வளர்ந்த என் சகா சொல்வதுதான் முடிவு.

காது கேளாத மாமாவைப் பள்ளிக்கூடத்தில் "வாயால் பேசு" என்று கையில் அடித்ததைச் சொல்லியிருக்கிறாய். 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய, காது கேளாதவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள், சைகை வேண்டாம், பேச்சே போதும் என்று தீர்மானம் போட்டார்கள். அதன் நிழல்தான் நம் ஊர் வரைக்கும் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அதைப் படித்த அன்று மாமாவின் விரல்கள்தான் கண்ணில் நின்றன. அழுதுவிட்டேன் அம்மா.

மாமாவின் சைகையில் மூக்குத்தியைத் தொடுவதுபோல் காட்டினால் நீ, மீசையை முறுக்கினால் தாத்தா. திண்ணையில் நீயும் மாமாவும் கையால் பேசியதெல்லாம் நம் வீட்டிலேயே பிறந்தது. அப்படிப்பட்ட வீட்டுச் சைகைகளை இங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள். முதலில் மாமாவிடம் கேள். அவர் சரி என்றால் மட்டும் தம்பியை அதைப் போனில் வீடியோ எடுக்கச் சொல். முகமும் இரண்டு கையும் நன்றாகத் தெரிய வேண்டும், நடுவில் நிறுத்த வேண்டாம். அப்புறம், மழை வரப்போகிறது என்பதற்கு அவர் ஒன்று செய்வாரே, அது எனக்குப் பாதி மறந்துவிட்டது. அதை மட்டும் இரண்டு தரம் செய்யச் சொல்.

உன் மகள்