செயலாளரின் ஆண்டறிக்கை 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு இவ்வாண்டு முறையாகக் கூடியது. பொங்கல் விழாவும் மாணவர் ஓவியப் போட்டியும் வழக்கம்போல் நடந்தேறின.

மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டினை யுனெஸ்கோ 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, அவற்றுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டையாக நமது செஞ்சிக்கோட்டையும் இடம்பெற்றது. அதையடுத்து, இடிந்த அரண்மனையைப் பழையபடி எழுப்பினால் சுற்றுலாப் பயணிகள் திரளாக வருவார்கள் என்று உறுப்பினர் சிலர் வலியுறுத்தினர். நான் உடன்படாததால், ஊரின் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்பதாகப் பேசப்பட்டது. எனவே என் காரணங்களைப் பதிவு செய்கிறேன்.

இன்று பிரான்சில் உள்ள அல்சாஸ் பகுதியில் 1633இல் சுவீடன் படையினர் அழித்த ஓ-கோனிக்ஸ்புர்க் கோட்டையை, அப்பகுதி ஜெர்மனியின் வசமிருந்த காலத்தில், பேரரசர் இரண்டாம் வில்லியம் 1900 முதல் 1908 வரை போடோ எபார்ட் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு மீண்டும் கட்டுவித்தார். இன்று அங்கே பெருங்கூட்டம் வருகிறது என்பது உண்மையே; ஆயினும் அங்கு காண்பதில் எது பழையது, எது பேரரசரின் விருப்பம் என்று வருவோரால் பிரித்தறிய இயலாது. ஊகம் தொடங்கும் இடத்தில் புனரமைப்பு நின்றுவிட வேண்டும் என்று, பழஞ்சின்னங்களின் பாதுகாப்புக்கான பன்னாட்டு நெறிமுறையான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் கூறுவது இதனால்தான். செஞ்சிக்கோட்டையின் மலைகளில் ஒன்றான ராஜகிரியின் அடிவாரத்தில் அரண்மனைக்கு எஞ்சியிருப்பது அடித்தளம் மட்டுமே. அதன்மேல் நாம் எழுப்பும் ஒவ்வொரு சுவரும் ஊகமாகவே இருக்கும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்துக்குச் சட்டமும் இடமளிக்கவில்லை. கோட்டையிலுள்ள வேங்கடரமணர் கோயிலின் தூண்கள் பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிக்குக் கொண்டுபோகப்பட்டதைச் சொல்லி இன்றும் வருந்தும் நாம், இருப்பதையும் புதுச்சுவருக்குள் மறைத்துவிடக் கூடாது.

இதற்கு மாற்றாக நான் முன்வைத்தது விளக்கப் பலகைத் திட்டம். எஞ்சிய பகுதியை ஒரு நிறத்திலும் ஊகித்த பகுதியை வேறொரு நிறத்திலும் காட்டும் படங்களை, தொல்லியல் துறையின் அனுமதி பெற்று நுழைவாயில் அருகே வைப்பதும், 1690 முதல் 1698 வரை நீடித்த முகலாயர் முற்றுகையையும் கோட்டையிலுள்ள பல அடுக்குக் கட்டடமான கல்யாண மகாலின் அமைப்பையும் பிழையின்றி எடுத்துரைக்க உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றுவிப்பதும் இதில் அடங்கும். வரைவுப் படங்கள் முடிந்துவிட்டன. அரண்மனையைக் கட்டியே தீர வேண்டும் என்று உரத்துப் பேசியவர்களில் ஒருவரும் கோட்டையில் நடந்த களப்பணிக்கு வரவில்லை என்பதையும், அவர்களில் பலரது சந்தா சென்ற ஆண்டிலிருந்தே நிலுவையில் உள்ளது என்பதையும் வருத்தத்துடன் குறிப்பிடுகிறேன்.

வரவும் செலவும் ஏறத்தாழ ஈடாக உள்ளன. விவரங்களைப் பொருளாளரிடம் பார்வையிடலாம். இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும் நன்கொடையாளர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இப்பொறுப்பை ஏற்க வேறொருவர் முன்வந்தால் படங்களையும் கோப்புகளையும் மனமுவந்து ஒப்படைப்பேன். யார் பொறுப்பேற்றாலும், நிலுவைச் சந்தா ஆடி மாதத்துக்குள் வந்து சேர்ந்தால்தான் முதல் பலகையையாவது அச்சுக்குக் கொடுக்க முடியும்.

இப்படிக்கு,
செயலாளர்