கயலுக்கு, நிலாப் பெட்டியின் அளவுகள்

அன்பு மகள் கயலுக்கு,

அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல்.

ஆறு வாரம் கழித்து உன்னிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. "அம்மா, நிலாப் பெட்டிக்கு அளவெல்லாம் அனுப்பு." அனுப்புகிறேன். போனில் தட்டினால் பாதியில் நின்றுவிடும் என்று தாளிலேயே எழுதிப் பார்சலுக்குள் வைக்கிறேன். மலையில் சிக்னல் இல்லை என்றுதானே எப்போதும் சொல்வாய். நேரத்துக்குச் சாப்பிடு.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கடையில் கிடைக்கிறது என்று உள்ளே பல்பு எரிகிற நிலா விளக்கை வாங்கிவிடாதே. பார்க்க அழகுதான், பாடத்துக்கு ஆகாது. நிலா தானாக எரிகிறது என்று ஒரு முறை மனதில் பதிந்துவிட்டால், அப்புறம் பிறை எப்படி வருகிறது என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்கவே முடியாது. நிலா ஏறக்குறைய தார் ரோடு மாதிரி கறுத்த பொருள். மேலே விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கைத்தான் திருப்பித் தருகிறது. அதனால் நம் பெட்டியில் நிலா நடுவே, விளக்குகள் சுற்றிலும். முப்பது விளக்கு. ஒரு நேரத்தில் ஒன்றுதான் எரியும், அரைநிலாவுக்கு மட்டும் இரண்டு. பிள்ளை குழாய் வழியாகப் பார்த்துக்கொண்டே குமிழைத் திருப்பினால் பிறை வளரும், தேயும்.

ஏன் முப்பது என்று உன் வகுப்பில் ஒருத்தியாவது கேட்பாள். பஞ்சாங்கத்தைக் கொண்டுபோய்க் காட்டு. நிலா சூரியனை விட்டு 12 பாகை விலகினால் ஒரு திதி. முப்பது திதிக்கு 360 பாகை. விளக்குக்கு விளக்கு இடைவெளி சமம், ஆனால் அதைக் கடக்கிற நேரம் சமமில்லை. நிலாவின் பாதை நீள்வட்டம் என்பதால் ஒரு திதி சுமார் 20 மணி நேரத்தில் முடியும், இன்னொன்று சுமார் 27 மணி வரை இழுக்கும். அரைநிலா 90 பாகையில். அது அஷ்டமியின் நடுவில் வருகிறது. அமாவாசை விளக்கைப் பூஜ்ஜியம் என்று வைத்து எண்ணு. அதனால் ஏழாவது, எட்டாவது விளக்கு இரண்டையும் சேர்த்து எரியவிட்டால் அரைநிலா அமையும்.

இந்தக் கணக்குக்கு விளக்குப் பட்டையே தோதாக அமைந்திருக்கிறது. ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியாக எரியவிடக்கூடிய டபிள்யூஎஸ்2812பி எல்இடி பட்டையில் மீட்டருக்கு 30 விளக்கு உள்ளதை வாங்கினால் வெட்டவும் வேண்டாம், துண்டு சேர்க்கவும் வேண்டாம். ஒரு மீட்டரை வளைத்து முனையோடு முனை சேர்த்தால் 31.8 செ.மீ. விட்டமுள்ள வட்டம். பட்டையின் அடித்தளம் வெள்ளையாக இருந்தால் அதுவே வெளிச்சத்தைத் திருப்பி அடித்து நிலாவின் இருட்டுப் பக்கத்தைக் கெடுத்துவிடும். கறுப்பு அடித்தளம் கேள். இங்கே கிடைக்கவில்லை, சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்து வைத்திருக்கிறேன்.

15 செ.மீ. உயரத்துக்குக் கறுப்பு சார்ட்டை வெட்டி வட்டமாக்கி, அதன் உள்பக்கம் பட்டையை ஒட்டு. சார்ட் பளபளப்பாக இருக்கக் கூடாது. பளபளப்புதான் கிடைத்தது என்றால் கறுப்பு வெல்வெட் துணியை உள்ளே ஒட்டிவிடு. மேல் மூடியும் அடித்தட்டும் அதே மாதிரி கறுப்பாக இருக்கட்டும். அடித்தட்டிலிருந்து 7 செ.மீ. உயரத்தில் பந்தின் மையம், 9 செ.மீ. உயரத்தில் பட்டை. இந்த இரண்டு செ.மீ. வித்தியாசம் கண்குழாய் பட்டையில் இடிக்காமல் இருக்க. நிலாவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது என்று சொல்ல 1.4 செ.மீ.யே போதும். நமக்கு ஏழு பாகை வருகிறது, பரவாயில்லை.

பந்து சாதாரண டேபிள் டென்னிஸ் பந்து, 4 செ.மீ. பெரிதாக இருந்தால் நன்றாகத் தெரியுமே என்று உனக்குத் தோன்றும், வேண்டாம். விளக்கு கிட்டத்தில் இருக்கும்போது உருண்டையில் சரிபாதி வெளிச்சம் விழாது. இந்த அளவில் அரைநிலாவின் கோடு நடுவிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர்தான் தள்ளி விழும், யாருக்கும் தெரியாது. 10 செ.மீ. உருண்டையை வைத்தாயானால் அரைநிலாவுக்குப் பதில் கொழுத்த பிறை வரும். "டீச்சர், இது பாதி இல்லையே" என்று முதல் வரிசையிலிருந்தே குரல் வரும்.

வெள்ளைப் பந்தை அப்படியே வைக்காதே. வெளிச்சம் உள்ளே ஊடுருவி மறுபக்கமும் மங்கலாக ஒளிரும். 220 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய். போஸ்டர் கலரில் கொஞ்சம் ஃபெவிக்கால் கலந்து முதலில் கறுப்பு இரண்டு பூச்சு. காய்ந்ததும் சாம்பல் நிறத்தில் சாக்பீஸ் தூள் கலந்து ஒரு பூச்சு. தூள் இல்லாவிட்டால் பந்தின் மேல் விளக்கே ஒரு வெள்ளைப் புள்ளியாகப் பிரதிபலிக்கும். கம்பியைச் சூடாக்கித் துளை போடுவதென்றால் பந்து பழைய செல்லுலாய்டா என்று பார்த்துக்கொள், அது சட்டென்று பற்றிக்கொள்ளும். சைக்கிள் ஆரக்கம்பி ஒன்றில் கறுப்பு பூசிக் கீழிருந்து செருகு.

நிலாவில் கறுப்புத் திட்டுகளாகத் தெரிகிற கடல்களை வரையும்போது அளவு பார். இந்தப் பந்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது 87 கி.மீ. மழைக் கடல் 13 மி.மீ. அகலம், இடது மேல்பக்கம். டைக்கோ பள்ளம் கீழே, ஒரே ஒரு மில்லிமீட்டர். நீ அதைப் பொட்டு மாதிரி பெரிதாக வைப்பாய், எனக்குத் தெரியும். வலது ஓரத்தில், மற்ற கடல்களோடு ஒட்டாமல் தனியாக முட்டை வடிவத்தில் ஒன்று இருக்கும், மேரே கிரீசியம். நெருக்கடிகளின் கடல் என்று பொருள். அதை இடம் பிசகாமல் வரை. பிறகு சரிபார்க்க அதுதான் உதவும்.

கண்குழாயில்தான் பெரும்பாலோர் தடுமாறுவார்கள். வெறும் ஓட்டை போட்டால் எதிரே எரிகிற விளக்கு நேராகக் கண்ணில் அடித்து நிலாவே தெரியாது. 25 மி.மீ. வயரிங் பைப்பில் 8 செ.மீ. நறுக்கி, உள்ளே கறுப்பு அடித்து, பதினைந்தாவது விளக்குக்கு நேர் கீழே வெளிப்பக்கமாக நீட்டி வை. கண் வைக்கிற முனையில் 5 மி.மீ. துளையுள்ள மூடி. அந்த மூடியை விட்டுவிடாதே. அது இருந்தால்தான் கண் நடுவில் நிற்கும், பந்து தெரியும், விளக்குகள் தெரியாது. அமாவாசை விளக்கு பந்துக்குப் பின்னால் மறைந்துவிடும். அதற்கு இருபக்கமும் உள்ள ஒன்றாவதும் இருபத்தொன்பதாவதும் மட்டும் பந்தின் மேல் விளிம்பில் எட்டிப் பார்க்கும். விளக்குகளை இயக்குகிற நிரலில் அவற்றை அணைத்து வைத்திருக்கிறேன். பிரதமையன்று வானத்திலும் பிறையைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாதே. நாம் மூன்றாம் பிறைதானே பார்க்கிறோம்.

வயரிங் சின்னதுதான். நிரல் ஓடுகிற சின்னப் பலகையான ஆர்டுயினோ நானோவின் டி6 முனையிலிருந்து பட்டையின் தகவல் வயருக்கு 470 ஓம் ரெசிஸ்டர் வழியாகப் போ. மஞ்சள், ஊதா, பழுப்பு. ரெசிஸ்டர் பட்டைப் பக்கம் இருக்க வேண்டும். 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் (கிரவுண்ட்) குறுக்கே 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், கோடு போட்ட பக்கம் மைனஸ். மாற்றி வைத்தால் உப்பி வெடிக்கும். குமிழுக்கு வால்யூம் கன்ட்ரோல் மாதிரி முட்டி நிற்பது வேண்டாம், அமாவாசையோடு மாதமே நின்றுபோகும். சுற்றிக்கொண்டே இருக்கும் ரோட்டரி என்கோடர் வைத்திருக்கிறேன், டி2, டி3. ஒரு கிளிக்குக்கு ஒரு திதி. கிளிக் செய்தால் இரண்டு மூன்று திதி தாவுகிறதா? அந்த இரண்டு முனையிலிருந்தும் தரைக்கு 0.1 மைக்ரோஃபாரட் போடு, அடங்கிவிடும். குமிழை அமுக்கினால் விநாடிக்கு ஒரு திதியாகத் தானே ஓடும், அது டி4.

ஒரு விளக்கு முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரைதான் எடுக்கும், அதனால் போன் சார்ஜரே போதும். பவர் பேங்க் வைத்தால் பல நேரம் தானாக அணைந்துவிடும். பெட்டி கெட்டுவிட்டது என்று நினைக்காதே. மின்சாரம் மிகக் குறைவாகப் போவதால், போன் நிறைந்துவிட்டது என்று அது எடுத்துக்கொள்கிறது. வேறு சப்ளை கொடுப்பதானால் தரை வயரை நானோவோடு சேர்க்க மறக்காதே. கணினியிலிருந்து நானோவில் நிரல் ஏற மறுத்தால், ஆர்டுயினோ மென்பொருளின் மெனுவில் பழைய பூட்லோடர் (Old Bootloader) என்பதைத் தேர்ந்தெடு.

எல்லாம் முடிந்ததும் நான்காவது விளக்கை எரியவிடு. பிறை வலப்பக்கம் இருக்க வேண்டும், நெருக்கடிகளின் கடல் முழுதாக அதற்குள் தெரிய வேண்டும். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற கடல்களில் வளர்பிறையில் முதலில் வெளிச்சத்துக்கு வருவது அதுதான். பிறை இடப்பக்கம் வந்தால் பட்டையைத் தலைகீழாகச் சுற்றியிருக்கிறாய். பிரிக்க வேண்டாம், நிரலில் எண்ணை முப்பதிலிருந்து கழித்துக்கொள், பூஜ்ஜியம் மட்டும் அப்படியே இருக்கட்டும்.

உங்கள் பள்ளி அறிவியல் விழாப் படத்தை யாரோ அனுப்பியிருந்தார்கள். நீ தெர்மாகோல் கோளத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய், சுற்றிலும் இருபது பிள்ளைகள். எனக்குப் பெருமையாக இருந்தது. கயல் கழுத்து வெறுமையாக இருக்கிறதே என்று உன் அத்தை கேட்டாள். நான் கோளத்தைத்தான் பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். இளைத்திருக்கிறாய். நேரத்துக்குச் சாப்பிடு. அந்தக் கோளத்துக்கு எனாமல் பெயின்ட் அடித்துவிடாதே, கரைந்து குழிவிழும். ஃபெவிக்விக்கும் அப்படித்தான்.

இன்னொன்று. புத்தகத்தில் பிறை நெட்டுக்குத்தாக நிற்கும். நம் ஊரில் மேற்கே மறைகிற மூன்றாம் பிறை தோணி மாதிரிப் படுத்திருக்கும். படம் போட்டவர்கள் வடக்கே வெகுதூரத்தில் இருந்து பார்த்தவர்கள். பெட்டியை வலப்பக்கம் கீழே வரும்படி சாய்த்துப் பார்க்கச் சொல், தோணி வந்துவிடும். காவலூர் பக்கம்தானே இருக்கிறாய். 2.34 மீட்டர் தொலைநோக்கியை அங்கே கொண்டுபோய் வைத்ததே அந்த வானத்துக்காகத்தான். பெட்டியோடு நிறுத்தாமல் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போ.

பெட்டியில் ஒரு குறை உண்டு, சூரியன் நிலாவைச் சுற்றுகிற மாதிரி ஆகிவிடும். அதற்காக மறுநாள் மைதானத்தில் கயிறு பிடி. இதே பந்துதான் நிலா என்றால் பூமி 14.7 செ.மீ. உருண்டை, இரண்டுக்கும் நடுவே 4 மீட்டர் 43 செ.மீ. கயிறு. சூரியன் 16 மீட்டர் உருண்டை, 1.7 கி.மீ. தள்ளி. நிலா இருக்கிற தூரத்தில் பூமியின் முழுநிழல் சுமார் பத்தரை செ.மீ. அகலம்தான் இருக்கும். நிலாவோ அதற்கு மேலேயோ கீழேயோ 40 செ.மீ. வரை விலகிப் போய்விடும். அதனால்தான் மாதா மாதம் கிரகணம் இல்லை. பிறைக்கும் பூமியின் நிழலுக்கும் சம்பந்தமே இல்லை.

சம்பந்தம் இருக்கிறது என்று உனக்குச் சொன்னவள் நான்தான். ஐந்தாம் வகுப்பில் மொட்டை மாடியில் கேட்டாய், இருட்டுப் பக்கம் எதனால் என்று. பூமியின் நிழல் என்றேன். பகலில் சூரியனும் அரைநிலாவும் ஒன்றாகத் தெரிகிறதே, நிழல் எப்படிம்மா அந்தப் பக்கம் விழும் என்றாய். வாயாடாதே, போய்ப் படு என்றேன். அறிவியல் டீச்சர் நான். ஒரு வாரத்திலேயே நீ சொன்னதுதான் சரி என்று தெரிந்துகொண்டேன். உன்னிடம் வந்து சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் சொல்லவில்லை. ஐப்பசியில் நீ அடுக்களை வாசலில் நின்று ஏதோ ஆரம்பித்தாய். எல்லார் வீட்டிலும் இருப்பதுதான் என்று சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கப் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தபோது நீ பையை எடுத்திருந்தாய். நீ என்ன சொல்ல வந்தாய் என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரியாது என்று எழுதுவதே பொய்யோ என்னவோ.

பார்சலில் பட்டை, நானோ, என்கோடர், பந்து இரண்டு, குழாய், மூடி எல்லாம் இருக்கிறது. அடியில் பருப்புப் பொடி. மாடி அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன், சாவி பழைய இடத்தில்தான். வருவதானால் பௌர்ணமிக்கு முன்னாலேயோ பின்னாலேயோ வா. கிரிவலக் கூட்டத்தில் போளூர் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. தனியாக வந்தாலும் சரி.

கெபாசிட்டரில் கோடு போட்ட பக்கம் மைனஸ். இரண்டு முறை பார்த்துவிட்டு அப்புறம் சுவிட்ச் போடு.

அம்மா