சொந்த வேண்டுகோளின் பேரில்

தஞ்சாவூர்,
12.10.2024

அன்புள்ள மங்கை,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதாதவள் திடீரென்று கட்டுக் காகிதத்தோடு உட்கார்ந்தால் அதற்குக் காரணம் இல்லாமல் இராது என்று நீயே ஊகித்திருப்பாய். உன் பேத்தியின் பெயர்சூட்டு விழாவுக்கு வராததற்கும், பட்டாணி சார் போய்விட்டார் என்று நீ எழுதியதற்குப் பதில் போடாததற்கும் சேர்த்து மன்னித்துவிடு. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, கண்புரை அறுவை முடிந்துவிட்டது, இவர் வழக்கம்போல் செய்தித்தாளோடு சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்.

நான் இரண்டு ஆண்டுகளாக ஒரு தனியார் ஆலையில், வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கிற உள்ளகப் புகார்க் குழுவில் வெளி உறுப்பினராக இருக்கிறேன். அங்கே எல்லோரும் அதை விசாகா கமிட்டி என்றுதான் சொல்கிறார்கள். சிலர் விசாகம் கமிட்டி என்றும் சொல்வதால், ஏதோ வைகாசித் திருவிழாவுக்குக் குழு போட்டிருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அதற்கான சட்டத்தின் விதிப்படி எனக்கு நாள் ஒன்றுக்கு 200 ரூபாய் படி உண்டு. "மேடம் கோடீஸ்வரி" என்று நீ கேலி செய்வாய் என்பதால்தான் இதுவரை சொல்லவில்லை. குழுவில் நடப்பதை வெளியே சொல்லக் கூடாது என்று அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்வதால், ஊரையும் தொழிலையும் ஆட்களின் அடையாளத்தையும் மாற்றித்தான் எழுதுகிறேன். மாற்றாமல் எழுதுவது என்னைப் பற்றியது மட்டும்தான்.

ஜூன் மாதம் அங்கே ஒரு பெண் புகார் கொடுத்தாள். வயது இருபத்து மூன்று. புகார், முதலாளிக்கு அடுத்த நிலையில் இருக்கிற, யாரை வைத்துக்கொள்வது யாரை அனுப்புவது என்று முடிவு செய்கிற ஒருவர் மேல். முதல் அமர்வுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மேசையில் தேநீரும் முறுக்கும் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் தட்டச்சு செய்த ஒரு தாளை மனிதவளப் பிரிவு அதிகாரி என் பக்கமாக நகர்த்தி வைத்தார். மிகவும் மரியாதையானவர், என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவார். "விஷயம் சுமுகமாக முடிந்துவிட்டது அம்மா. பெண்ணே நம் இன்னொரு யூனிட்டுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டது" என்றார். தாளில் நான்கே வரிகள் இருந்தன. மூன்றாவது வரி, "எனது சொந்த வேண்டுகோளின் பேரில்" என்று தொடங்கியது.

மங்கை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அந்த வரியை மறுபடியும் படித்தேன். ஏனென்றால் 1991-இல் அதே வாசகத்தை, ஆங்கிலத்தில், நானே தட்டச்சு செய்திருக்கிறேன்.

யாருக்காக என்று உனக்குத் தெரியும். பெயரை இங்கேயும் எழுதவில்லை. அப்போது நான் எங்கள் வங்கிக் கிளையில் ஆபீசர், அவள் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆன கிளார்க். சேமிப்புக் கணக்கு லெட்ஜர் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்று சொல்லி மேலாளர் அவளை மட்டும் மாலை ஏழு, ஏழரை வரை நிறுத்தி வைப்பார். அவள் கூட்டிக்கொண்டிருக்கும்போது நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். ஒரு நாள் மதிய உணவு நேரத்தில், ஸ்டேஷனரி அறையில், அவள் என்னிடம் சொன்னாள். சாப்பாட்டுப் பையின் பிளாஸ்டிக் கைப்பிடியை முறுக்கி முறுக்கி, அதில் சுற்றியிருந்த பச்சை நூல் பிரிந்து தரையில் தொங்கியது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது இன்றைக்கும் நினைவிருக்கிறது. முழுக்கக் கேட்டேன், நம்பினேன். நம்பிவிட்டு என்ன செய்தேன்? அவளுக்குக் கல்யாணம் ஆக வேண்டும், பெயர் கெடக் கூடாது, மேலிடத்தில் அவருக்குச் செல்வாக்கு அதிகம் என்றெல்லாம் நானே எடுத்துச் சொல்லி, ரெமிங்டன் மெஷினில் கார்பன் வைத்து இரண்டு பிரதிகள் அடித்து, கையெழுத்துப் போடு என்று பேனாவையும் நீட்டினேன். வேண்டுகோள் மாற்றல் என்பதால் பயணப்படி கிடையாது. சாமான் ஏற்றிய லாரிக் கூலியையும் அவளே கொடுத்துவிட்டு உங்கள் திண்டுக்கல் கிளைக்கு வந்து சேர்ந்தாள். மேலாளர் அடுத்த ஆண்டே பதவி உயர்வு பெற்று வட்டார அலுவலகத்துக்குப் போனார். பிரிவு உபசார விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தியவள் நான்தான். பெண் ஊழியர்கள் சார்பில்.

நீ அப்போது ஒரு கடிதம் எழுதியிருந்தாய். "புதிதாக வந்த பெண் மதியத்தில் யாரோடும் சேர்ந்து சாப்பிடுவதில்லை, உங்கள் கிளையில் என்ன சொல்லி அனுப்பினீர்கள்?" என்று கேட்டிருந்தாய். உங்கள் ஊர்ப் பிரியாணி வாசனை அவளுக்குப் பிடிக்கவில்லை போலும் என்று நான் பதில் எழுதினேன். அதை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை.

அந்தக் காலத்தில் சட்டம் இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். உண்மைதான், இல்லை. அதற்கு அடுத்த ஆண்டு, 1992 செப்டம்பரில்தான் ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் பன்வாரி தேவிக்கு அந்தக் கொடுமை நடந்தது. அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராமப் பணியாளராக இருந்தவர், கைக்குழந்தைக்கு நடக்கவிருந்த திருமணத்தைத் தடுக்கப் போனார். அது அவர் விருப்பத்துக்குச் செய்த காரியமில்லை, அரசு கொடுத்த வேலை. அதற்குப் பழிவாங்கத்தான் ஆதிக்க சாதி ஆண்கள் அவரைக் கூட்டு வன்புணர்வு செய்தார்கள். 1995-இல் விசாரணை நீதிமன்றம் அவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்துவிட்டது. வேலைக்கு அனுப்பிய நிறுவனத்துக்குப் பொறுப்பு இல்லையா என்ற கேள்வியோடு பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 1997 ஆகஸ்ட் 13 அன்று தலைமை நீதிபதி வர்மாவின் அமர்வு, பொறுப்பு உண்டு என்று தந்த தீர்ப்புதான் விசாகா. அதைச் சட்டமாக எழுத நாடாளுமன்றத்துக்கு 2013 வரை ஆயிற்று. ஆனால் மங்கை, சட்டம் இல்லாததனாலா நான் அவரைக் கேள்வி கேட்கவில்லை? என் வேலையை மதிப்பிடும் ஆண்டறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவர் அவர் என்பதனால் கேட்கவில்லை. சட்டம் வந்த பிறகும் அந்தக் கையெழுத்து அதே இடத்தில்தான் இருக்கிறது. இந்த ஆலையின் குழுத் தலைவி மூத்த கணக்கு அதிகாரி, நல்ல பெண்மணி. அவருடைய ஊதிய உயர்வுப் பரிந்துரை யார் மேசையிலிருந்து போகிறது என்று நினைக்கிறாய்? எதிர்மனுதாரரின், அதாவது புகாருக்கு ஆளானவரின், மேசையிலிருந்துதான்.

எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது, "படிக்காத பெண்கள், பயப்படுகிறார்கள்" என்றார் இவர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நம் மாநிலத்திலேயே நடந்ததை அவருக்கு நினைவுபடுத்தினேன். 2021 பிப்ரவரியில் அப்போதைய முதல்வரின் சுற்றுப்பயணப் பாதுகாப்புப் பணியில் இருந்த ஒரு பெண் காவல் கண்காணிப்பாளர், சட்டம் ஒழுங்குக்கே பொறுப்பான சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸ் காரில் வைத்துத் தம்மிடம் தவறாக நடந்துகொண்டார் என்று புகார் கொடுக்கச் சென்னைக்குப் புறப்பட்டார். பரனூர் சுங்கச்சாவடியில் அவருடைய காரைக் காவல்துறையே மறித்தது. ஒரு மாவட்டக் காவல்துறையையே கட்டியாண்ட ஐ.பி.எஸ். அதிகாரியின் வண்டி, சக எஸ்.பி. ஒருவரின் ஆட்களால், புகார் சென்னைக்குப் போய்ச் சேரக் கூடாது என்பதற்காக நடுவழியில் நிறுத்தப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த வழக்கைக் கண்காணித்தது. 2023 ஜூன் 16 அன்று விழுப்புரம் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு மூன்று ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 2024 பிப்ரவரியில் மாவட்ட நீதிமன்றம் அதை உறுதி செய்தது, அதற்கு மேலும் வழக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது. வண்டியை மறித்த எஸ்.பி.க்கு என்ன தண்டனை தெரியுமா? 500 ரூபாய் அபராதம். என்னுடைய இரண்டரை நாள் படி! குற்றம் செய்தவரைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், மங்கை. எனக்கென்னவோ அந்தச் சுங்கச்சாவடியில் கைகாட்டி நிறுத்தியவர்கள்தான் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறார்கள். 1991-இல் நானும் ஒரு கைகாட்டிதான். நான் அன்பாக நிறுத்தினேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, ஆலைக்குத் திரும்புகிறேன். இடைக்கால நிவாரணமாக மாற்றல் தரலாம் என்று சட்டமே சொல்கிறது. பாதிக்கப்பட்ட பெண் எழுத்து மூலம் கேட்டால் அவளையோ எதிர்மனுதாரரையோ மாற்றலாம். அவளைக் காப்பாற்ற எழுதிய அந்தப் பிரிவைப் படித்துவிட்டுத்தான் நம் மரியாதையான அதிகாரி அந்த நான்கு வரிகளைத் தயாரித்திருக்கிறார். பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, "நீயாகவா கேட்டாய்?" என்று கேட்டேன். "ஆபீஸ்ல எழுதி வெச்சிருந்தாங்கம்மா, கையெழுத்து மட்டும்தான் நான் போட்டேன். அந்த யூனிட்டுக்குப் போக ரெண்டு பஸ் மாறணும்" என்றாள். மாற்ற வேண்டுமானால் யாரை மாற்ற வேண்டும் என்று கேட்டதற்கு, அப்படியும் கேட்கலாமா என்பது போல் என்னைப் பார்த்தாள். அன்று மாலையே அவள் வாயால் சொல்லச் சொல்ல, அவள் கையால் எழுதிய வேறொரு மனு தயாரானது. விசாரணை முடியும் வரை எதிர்மனுதாரர் வேறு யூனிட்டிலிருந்து வேலை பார்க்கட்டும் என்று குழு பரிந்துரைத்தது. தலைவியின் கை நடுங்கியது, ஆனாலும் கையெழுத்திட்டார். அவரை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

அதன் பிறகு எல்லோருக்கும் ஒரே அவசரம். ஒரே நாளில் சாட்சிகளை முடித்துவிடலாம், அவருடைய பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டால் போதும் என்றார்கள். பெண்ணின் பக்கம் நிற்பவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் மேல் 2009-இல் மாணவிகள் கொடுத்த புகார்களைக் குழு அள்ளித் தெளித்த கோலமாக விசாரித்ததால், அவர் தம் தரப்பைச் சொல்லப் போதிய வாய்ப்புத் தரவில்லை என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் பணிநீக்கத்தையே ரத்து செய்து விசாரணையைத் திருப்பி அனுப்பிவிட்டது. பதினான்கு ஆண்டுகள்! அந்த மாணவிகளுக்கு அதற்குள் பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடமும் போயிருக்கும். இந்தத் தீர்ப்பிலேயே, முப்பது தேசிய விளையாட்டுக் கூட்டமைப்புகளில் பதினாறில் இப்படியொரு குழுவே இல்லை என்ற செய்தியையும் நீதிமன்றம் எடுத்துக்காட்டியிருக்கிறது. மல்யுத்த வீராங்கனைகள் தில்லித் தெருவில் உட்கார்ந்திருந்த சமயம் அது. ஆகவே ஐந்து அமர்வுகள் வைத்தோம். அவருடைய சாட்சிகள் மூவரையும் அழைத்தோம், குறுக்குக் கேள்விகளைத் தாளில் வாங்கி அவளிடம் நானே கேட்டேன். அவரை நியாயமாக நடத்துவது எனக்குச் சுலபமாக இல்லை என்பதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அவர் பேசப் பேச, எனக்கு அந்த மேலாளரின் குட்டிக்குரா பவுடர் வாசனை அடித்தது.

குற்றச்சாட்டு நிரூபணமானது என்று ஒருமனதாக எழுதி, செப்டம்பர் முதல் வாரத்தில் அறிக்கையைக் கொடுத்துவிட்டோம். நிர்வாகம் அறுபது நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். பாதி நாட்களுக்கு மேல் போய்விட்டன, அறிக்கை முதலாளியின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கேரளத் திரைத்துறைப் பெண்களின் நிலை குறித்து நீதிபதி ஹேமா குழு 2019 டிசம்பரில் கொடுத்த அறிக்கை, இந்த ஆகஸ்டில்தான், அதுவும் பல பகுதிகள் நீக்கப்பட்டு, வெளியே வந்தது. ஓர் அரசாங்கமே நாலரை ஆண்டுகள் பூட்டி வைத்திருக்கும்போது, இவர்களுக்கு ஓர் இழுப்பறை பெரிய விஷயமா என்ன? நவம்பர் முதல் வாரத்தில் நாள் முடிகிறது. அதுவரை திங்கட்கிழமைதோறும் அவர்களுக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்புகிறேன். தபால் நிலையத்தில் என்னைப் பார்த்தாலே இப்போது சிரிக்கிறார்கள்.

இனி, இந்தக் கடிதத்தின் உண்மையான காரணம். அவள் திண்டுக்கல்லிலேயே ஓய்வு பெற்றாள் என்றும், உன்னோடு கோயிலுக்கு வருவாள் என்றும் எப்போதோ நீ சொன்ன நினைவு. அவளைப் பார்த்துப் பேச வேண்டும் போலிருக்கிறது. மன்னிப்புக் கேட்பதா, என்ன சொல்வது என்று தெரியவில்லை. அந்தக் கார்பன் பிரதி பல ஆண்டுகள் என் பெட்டியில் இருந்தது, வீடு மாற்றும்போது நானே கிழித்துப் போட்டேன் என்பதையாவது சொல்லிவிட வேண்டும். முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்துப் போய் நிற்பது என் மனச்சுமையை இறக்கவா, அவளுக்காகவா என்ற சந்தேகமும் உண்டு. நீதான் அவளை அறிந்தவள். ஆனால் ஒன்று, அவளைக் கேட்காமல் முகவரியோ தொலைபேசி எண்ணோ எனக்கு அனுப்பாதே. நான் கேட்டேன் என்று மட்டும் சொல். அவள் வேண்டாம் என்றால், ஏன் என்று நீயும் கேட்காதே, நானும் கேட்க மாட்டேன்.

உன்,
வசந்தா