மூன்றாவது வரிசைப் படம்

அன்புள்ள சரவணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். போன வாரம் இரண்டு தடவை போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. ஷிப்டில் இருந்திருப்பாய் என்று உங்கம்மாவிடம் சொல்லி வைத்தேன். அவளும் நம்பின மாதிரி காட்டிக்கொண்டாள். முட்டி வலி அவளுக்கு அப்படியேதான் இருக்கிறது. பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளிக்கு விலை இல்லை, பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று சின்னசாமி செடியோடு விட்டுவிட்டான். ராத்திரியில் பைக் எடுத்துக்கொண்டு வராதே. ஓசூரிலிருந்து பஸ் இருக்கிறது.

வியாழக்கிழமை பென்ஷன் விஷயமாகத் தர்மபுரி போனேன். நாலு ரோட்டில் நம் சாதிச் சங்கத்து ஃப்ளெக்ஸ் ஒன்று கட்டியிருந்தார்கள். நடுவில் பெரிய தலை, கீழே சிங்கம், அதற்கும் கீழே தபால்தலை அளவில் பையன்கள். மூன்றாவது வரிசையில் வலது பக்கமிருந்து இரண்டாவது ஆள் கூலிங்கிளாஸ் போட்டிருந்தான். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த சட்டை. படம் நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

பஞ்சாயத்துத் தேர்தல் வந்தால் நம் வார்டுக்கு உன்னை நிறுத்தப்போவதாக டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். என்னிடம்தான் யாரும் சொல்லவில்லை. 21 ஆனால் நிற்கலாம், உனக்கு அது தாண்டிவிட்டது. எங்கள் காலத்தில் ஓட்டுப் போடுவதற்கே 21 ஆக வேண்டும். 1989-இல்தான் 18 ஆக்கினார்கள். படித்த பையன் நிற்பது நல்லதுதான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ராத்திரியில் மட்டும் பைக்கில் வராதே.

2019 டிசம்பரில் பஞ்சாயத்துத் தேர்தல் டியூட்டிக்குப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும், திரும்பி வந்து இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். ஆளுக்கு நாலு சீட்டு, நாலு கலர். ஒரு பாட்டி நாலையும் ஒன்றாக மடித்துக்கொண்டு பெட்டி எங்கே என்று தேடியது. அந்த பூத்தில் எதிரெதிர்க் கட்சி ஏஜென்ட்டுகள் மூன்று பேர், உன் வயசுதான் இருக்கும். காலையில் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்கவில்லை. மத்தியானம் ஒருத்தனுக்கு மட்டும் சாப்பாடு வந்தது. மூன்று பேரும் அதே தக்காளி சாதத்தை ஒரே இலையில் வைத்துத் தின்றார்கள். அதில் ஒருத்தன் காலனிப் பையன். வெளியே போனால் அப்படித் தின்பார்களா என்று நான் நினைத்தேன். அப்படி நினைத்தது என் புத்தி.

நம் வார்டில் காலனி ஓட்டும் இருக்கிறது. சங்கத்துக்காரர்கள் அதை உன்னிடம் சொன்னார்களா? கேட்கப் போனால் ரோட்டில் நின்றபடி கும்பிடு போட்டுவிட்டு வராதே. உள்ளே போய்த் திண்ணையில் உட்கார், தண்ணீர் கொடுத்தால் குடி. சிலம்பு இப்போது அங்கேதான் இருக்கிறான், ஐடிஐ முடித்துவிட்டு வயரிங் வேலை. நீயும் அவனும் ஏரிக்கரையில் வாலிபால் ஆடியதெல்லாம் உனக்கு மறந்திருக்காது. போன வாரம் நம் மோட்டார் ஸ்டார்ட்டரை அவன்தான் சரிசெய்தான். காசு வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டான். "சரவணன் எப்படி இருக்கான் சார்" என்றான். உன் வாட்ஸப் ஸ்டேட்டஸ் எல்லாம் அவனும் பார்க்கிறான், அதை ஞாபகம் வைத்துக்கொள். உங்கம்மா அவனுக்கு டீ கொடுத்தாள். எந்த டம்ளரில் என்று நான் எழுதப்போவதில்லை.

நாயக்கன்கொட்டாயில் நக்சலைட் அப்பு, பாலன் சிலையைச் சின்ன வயசில் பஸ்ஸிலிருந்து காட்டி யார் என்று கேட்டாய். "கட்சிக்காரங்க" என்று சொல்லி முடித்துவிட்டேன். பாலன் 1980-இல் போலீஸ் கையில் செத்தபோது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அவர்களோடு சேர்ந்த பையன்களில் நம் ஆட்களும் உண்டு, காலனி ஆட்களும் உண்டு. டீக்கடைகளில் இரட்டை டம்ளர் கூடாது என்று நின்றவர்கள். அவர்கள் போன வழி சரியா தப்பா என்று வாத்தியாராக இருந்துகொண்டு நான் வாய் திறந்ததில்லை. அந்தச் சிலையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் 2012 நவம்பர் 7 நடந்தது. நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி, மூன்று காலனியிலும் சேர்த்து 250 வீட்டுக்கு மேல் நம் ஆட்கள் கொளுத்தினார்கள். நீ அஞ்சாவது. "என்னப்பா புகை" என்று மாடியிலிருந்து கேட்டாய். கரும்புச் சோகை கொளுத்துகிறார்கள் என்றேன்.

அன்றைக்குக் காய்ச்சலாக இருந்ததால் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று பிற்பாடு விசாரித்தவர்களிடம் சொன்னேன். உங்கம்மாவும் இன்றுவரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். காய்ச்சல் எதுவும் இல்லை. பொழுது சாய்கிற நேரம் டிவிஎஸ் 50-இல் வந்துகொண்டிருந்தேன். ரோட்டுக்குக் குறுக்கே புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள், வண்டி எதுவும் உள்ளே போகக்கூடாது என்று. பத்து முப்பது பேர் நின்றார்கள். அதில் ஒருத்தன் என்னிடம் எட்டாவது வரை படித்தவன், வாய்ப்பாடு சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வான். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கிளையைத் தூக்கிப் பிடித்தான். "சார், பாத்துப் போங்க சார்" என்றான். கையில் மண்ணெண்ணெய் வாசனை. நான் என்ன செய்தேன் தெரியுமா? "சரிப்பா" என்றேன். குனிந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீ நின்றிருக்காது. அது எனக்குத் தெரியும். ஆனால் அவன் எதிர்பார்த்தான் என்று இப்போது படுகிறது. கிளையைத் தூக்கிப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தான்.

அப்புறம் மாற்றுச் சான்றிதழுக்கு நகல் கேட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். எல்லாம் எரிந்துபோயிருந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். அசல் தொலைந்த காரணம் என்று ஓர் இடம் இருக்கும். அத்தனை பேருக்கும் "தீ விபத்து" என்று எழுதினேன். மேஜைக்கு முன்னால் சிலம்பின் சித்தி மகள் நின்றுகொண்டிருந்தாள். நான் எழுதி முடிக்கிறவரை படித்துவிட்டு, "விபத்தா சார்?" என்றாள். அப்படித்தான்மா எழுதணும் என்றேன். எந்தக் கல்யாணத்தைச் சாக்கு வைத்துக் கொளுத்தினார்களோ, நம் சாதிப் பெண்ணைக் கட்டிய அந்தக் காலனிப் பையன் இளவரசன், அடுத்த வருஷம் ஜூலையில் தண்டவாளத்தில் செத்துக் கிடந்தானே, அன்றைக்கும் வகுப்பில் நான் பாடம்தான் நடத்தினேன்.

இதையெல்லாம் உன்னிடம் எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். நீயாகக் கேட்கவில்லை, நானாகச் சொல்லவில்லை. அதற்குள் நீ ஃப்ளெக்ஸுக்குப் போய்விட்டாய். உன்மேல் கோபம் இல்லை. இருக்கிறது, ஆனால் பாதி எனக்குச் சேர வேண்டியது.

வார்டுக்கு நிற்பதாக இருந்தால் எனக்கு முன்னாடியே சொல். காலனிக்கு ஓட்டுக் கேட்கப் போகும்போது நானும் வருகிறேன். 34 வருஷம் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன், அந்தத் தெருவுக்குள் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. சிலம்பின் சித்தி மகளுக்குக் கல்யாணமாகி இப்போது அங்கேதான் இருக்கிறாளாம். அவள் வீட்டுக்கு முதலில் போகலாம்.

கேழ்வரகு மாவு அரைத்து வைத்திருக்கிறது, யாராவது ஓசூர் வந்தால் கொடுத்து அனுப்புகிறேன். போன் போட்டால் எடு. பஸ்ஸில் வா.

இப்படிக்கு,
அப்பா