ஷெவெலுக்கு எந்த இன்ஜின்?

மிச்சிகன்
அக்டோபர் 12

அன்பு நண்பா,

உன் கடிதமும் படங்களும் போன வாரம் வந்தன. ஓய்வு பெற்றதும் நீ வீட்டுக்குப் பக்கத்தில் தோட்டம் போடப்போகிறாய் என்று உன் மனைவி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அந்த இடத்தில் ஒரு 1970 செவ்ரலே ஷெவெல் மாலிபு கார் நிற்கிறது. அவருக்கு என் அனுதாபத்தைச் சொல்லிவிடு. வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. பின் கண்ணாடிக்குக் கீழே துருவே இல்லை என்று எழுதியிருக்கிறாய். கலிஃபோர்னியா வண்டி, நம்பலாம். இங்கே குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவதால் இந்த வயது வண்டியில் அந்த இடம்தான் முதலில் அரித்துப் போகும்.

எங்கள் பக்கம் எல்லாரும் நலம். என் இடது முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வசந்த காலம் வரை கிளச்சை மிதிக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் என் பழைய கமாரோ கார் போர்வைக்குள் கிடக்கிறது. பெரியவன் மின்சாரக் கார் வாங்கியிருக்கிறான். குழந்தை இருக்கையைப் பின்னால் மாட்டிக்கொண்டு ஓட்டுகிற சாதாரணக் குடும்பக் கார்தான். சிக்னல் பச்சையானதும் அது போகிற போக்கைப் பார்த்தால், நாம் காலேஜில் படம் வெட்டிச் சுவரில் ஒட்டிய எந்த வண்டியும் பக்கத்தில்கூட வராது. சத்தமும் இல்லை, புகையும் இல்லை, கியரும் இல்லை. பொறாமையாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தேன்: வேகம் மட்டும்தான் வேண்டும் என்றால் இனிமேல் யாரும் பழைய வண்டியைப் பிரித்துப் போட வேண்டியதே இல்லை. அப்படியிருக்க நீ வண்டியில் இருக்கிற 307 கன அங்குல இன்ஜினை எடுத்துவிட்டு 454 கன அங்குல இன்ஜினைப் போடலாமா என்று கேட்கிறாயே, அதை நான் ‘எத்தனை குதிரைத்திறன்’ என்ற கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வண்டியை நீ எப்படி ஓட்டப்போகிறாய் என்பதுதான் கேள்வி.

முதலில் உன் மனச்சாட்சி விஷயத்தை முடித்துவிடுவோம். தொழிற்சாலை போட்ட இன்ஜினைக் கழற்றுவது பாவமா என்று கேட்டிருந்தாய். நடுத்தரக் காரில் பெரிய இன்ஜின் வைத்த மஸில் கார் என்ற இனமே இன்ஜின் மாற்றிப் பிறந்ததுதானே! 1964-இல் நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் போடக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் விதி வைத்திருந்தது. அதே கம்பெனியின் பான்டியாக் பிரிவில் இருந்த இன்ஜினியர் ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் பெரிய காரில் இருந்த 389-ஐ எடுத்து டெம்பெஸ்ட் லெமான்ஸில் வைத்து, அதைத் தனி மாடலாகச் சொல்லாமல் ‘கூடுதல் விருப்பம்’ என்று விலைப்பட்டியலில் நுழைத்துவிட்டார்கள். அதுதான் ஜிடிஓ. பிறகு கமாரோவுக்கு 400 என்று வரம்பு இருந்தபோது, பென்சில்வேனியாவில் டான் யென்கோ தன் ஷோரூமிலேயே 427-ஐ இறக்கி விற்றார். 1970-இல் அந்த 400 வரம்பு எடுபட்ட பிறகுதான் உன் ஷெவெலின் பெரிய அண்ணனான எஸ்எஸ் வகைக்கு 454 கிடைத்தது. ஆகவே சுத்தம் பார்க்கிறவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஒன்று மட்டும் செய்: 307-ஐ விற்றுவிடாதே. பிளாக்கின் முன்பக்கத் தட்டையில் உன் வண்டி எண்ணின் பகுதி பொறிக்கப்பட்டிருக்கும். எண் பொருந்துகிற இன்ஜின் கூடவே இருந்தால், நாளைக்கு வாங்க வருகிறவன் உன்னிடம் பேரம் பேச யோசிப்பான். எண்ணெய் ஊற்றி, பிளாஸ்டிக் சுற்றி, ஸ்டாண்டில் மாட்டி ஷெட் மூலையில் வை.

இப்போது 454. 1970-இல் எல்எஸ்6 என்ற வகைக்கு 450 குதிரைத்திறன் என்று போட்டிருந்தார்கள், சாதாரண எல்எஸ்5-க்கு 360. அந்த எண்களைப் பார்த்துத்தான் நீ மயங்கியிருக்கிறாய். ஆனால் அவை ‘கிராஸ்’ கணக்கு. இன்ஜினைத் தனியாகச் சோதனை மேடையில் ஏற்றி, ஏர் கிளீனர், ஆல்டர்னேட்டர், சைலன்சர் எதுவும் இல்லாமல் அளந்தது. 1972-இல் அமெரிக்கக் கம்பெனிகள் எல்லாம் ‘நெட்’ கணக்குக்கு வந்தன. வண்டியில் எப்படிப் பூட்டியிருக்குமோ அப்படியே அளப்பது. உன் 307-ஐயே எடுத்துக்கொள்: 1970-இல் 200, 1972-இல் 130. கம்ப்ரெஷன் கொஞ்சம் குறைந்தது உண்மை, ஆனால் அந்த இறக்கத்தில் பெரும்பகுதி அளவுகோல் மாறியதால் வந்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு புது எண்களைப் பார். என் கமாரோவில் நான் மாற்றிப் போட்டிருக்கிற எல்எஸ்3 (பெயர்தான் ஒத்திருக்கிறது, பழைய எல்எஸ்6-க்கு உறவில்லை) 2008 கார்வெட்டில் வந்தது: 6.2 லிட்டர், 430 குதிரைத்திறன், அதுவும் நெட். பிளாக்கே அலுமினியம். 454 போன்ற பெரிய இரும்பு இன்ஜினோடு (‘பிக் பிளாக்’) ஒப்பிட்டால் மூக்கில் ஏறக்குறைய 200 பவுண்டு குறைகிறது. வளைவில் திரும்பும்போது அந்த வித்தியாசம் ஸ்டியரிங்கில் தெரியும். முன்பு இரும்பு 327 இன்ஜின் இருந்தபோது மலைப்பாதையில் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போன அதே வண்டி இப்போது சொன்ன பேச்சு கேட்கிறது.

ஆனால் உனக்கு எல்எஸ்3-உம் வேண்டாம் என்பேன். சிரிக்காதே. நீ மனைவியோடு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சாலையில் போகப்போகிறவன், கால்மைல் பந்தயத்துக்கு இல்லை. 1999-இலிருந்து சில்வராடோ டிரக்குகளிலும் பிறகு டாஹோவிலும் வந்த 5.3 லிட்டர் இன்ஜினைப் பார். என் எல்எஸ்3 இருக்கிற எல்எஸ் குடும்பத்தின் இரும்பு பிளாக் தம்பி. அலுமினியத்தை விடக் கனம்தான், இருந்தாலும் 454-க்கு எவ்வளவோ தேவலை. சுமார் 285 குதிரைத்திறன், நெட். உன் 307 உண்மையில் தருவதற்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. விபத்தில் அடிபட்ட டிரக்கிலிருந்து இன்ஜின், 4எல்60இ கியர்பாக்ஸ், வயரிங், கம்ப்யூட்டர், ஆக்ஸிலரேட்டர் பெடல் எல்லாம் ஒரே தொகுப்பாக எடுக்க முடியும். தனித்தனியாக வாங்கிச் சேர்க்கப் போனால் ஏதாவது ஒரு கனெக்டர் பொருந்தாமல் வாரக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும்.

உன் பவர்கிளைட் கியர்பாக்ஸைக் கழற்றுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. இரண்டே கியர்! நெடுஞ்சாலையில் இன்ஜினை மெதுவாகச் சுற்றவிடும் ஓவர்டிரைவ் கியர் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று கணக்கே சொல்லும். பின் அச்சு விகிதம் 3.73, டயர் விட்டம் 27 அங்குலம் என்று வை. 70 மைல் வேகத்தில் நேரடி கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு 3,200 சுற்றைத் தாண்டி ஓடும். 4எல்60இ-யின் நான்காவது கியர் 0.70, அதே வேகத்தில் 2,300 கூட வராது. உன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது காதில் விழும். (அது வேண்டாம் என்றால் 454 போட்டுக்கொள்.)

அச்சு என்றதும் ஞாபகம் வருகிறது. உன் கடிதத்தில் இன்ஜினைப் பற்றி இரண்டு பக்கம், பிரேக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. படத்தில் முன் சக்கரத்தை உற்றுப் பார்த்தேன், டிரம் பிரேக். முன்னும் பின்னும் டிரம்மோடு 285 குதிரைத்திறனை ஓட்டக்கூடாது, டா. மலை இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடாகி, பெடல் அப்படியே இருக்க வண்டி நிற்க மறுக்கும். முதல் வேலையாக முன்பக்க டிஸ்க்கைப் போடு, ஆடும் சஸ்பென்ஷன் புஷ்களை மாற்று, பிரேக் குழாய்களைப் புதிதாக இழு. இதையெல்லாம் 307-ஐ வைத்துக்கொண்டே செய்யலாம். வண்டியும் ஓட்டத்தில் இருக்கும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டை மாற்றி, நிற்கும்போது ‘குடுகுடு’ என்று குலுங்க வேண்டும் என்ற ஆசை உனக்கு நிச்சயம் வரும். எனக்கும் வந்தது. அந்தக் குலுங்கலோடு இன்ஜினின் வெற்றிட அழுத்தம் குறையும். பவர் பிரேக் பூஸ்டர் அந்த வெற்றிடத்தை நம்பித்தான் இருக்கிறது. டிரக் கேமையே விட்டுவை.

பின் அச்சு அநேகமாகப் பத்து போல்ட் வகையாக இருக்கும். 307-இன் முறுக்குவிசை 300 அடி-பவுண்டு, கிராஸ். 454-க்கு 500. எஸ்எஸ் வண்டிகளுக்குப் பன்னிரண்டு போல்ட் அச்சு கொடுத்தார்கள் என்றால் சும்மா கொடுக்கவில்லை. 5.3-உம், ஒட்டும் டயர் போடாத நிதானமான காலும் இருந்தால் உன் அச்சு பிழைத்துக்கொள்ளும். 454 போட்டால் அச்சு, டிரைவ் ஷாஃப்ட், முன் ஸ்பிரிங், ரேடியேட்டர் என்று செலவு வரிசையாக வந்து வாசலில் நிற்கும்.

5.3-இலும் தொல்லை இல்லாமல் இல்லை. டிரக்கின் ஆயில் பான் ஆழமானது, உன் வண்டியின் குறுக்குச் சட்டத்தோடு ஒத்துப்போகாது. இன்ஜின் மாற்றத்துக்கென்றே வரும் ஆயில் பான் ஒன்றை வாங்கு. மவுண்ட்டுக்கு அடாப்டர் தகடு உண்டு. சிலிண்டர் ஹெட்டிலிருந்து வரும் மெல்லிய நீராவிக் குழாயைப் பலர் அடைத்துவிடுகிறார்கள், நீ அப்படிச் செய்யாதே. அதை ரேடியேட்டரோடு இணைத்தால்தான் உள்ளே காற்று தங்காது. பெட்ரோல் விஷயம்தான் பெரிது. உன் கார்புரேட்டருக்கு சதுர அங்குலத்துக்கு ஆறேழு பவுண்டு அழுத்தம் போதும், இந்த இன்ஜினுக்கு 58 வேண்டும். ஆகவே பழைய பம்ப்பும் ரப்பர் குழாயும் உதவாது. டேங்குக்கு உள்ளேயே உட்காரும் மின்பம்ப் போடு; வெளியே தொங்கவிட்டால் சத்தமும் அதிகம், சீக்கிரம் சூடாகிச் சாகும்.

ஒரு குறை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பானெட்டைத் திறந்தால் 454 அழகு. ஆகஸ்டில் இங்கே உட்வர்ட் அவென்யூவில் டிரீம் குரூஸ் என்ற பழைய கார் ஊர்வலம் நடக்கும்போது பார்த்திருக்கிறேன், ஆரஞ்சு பெயின்ட் அடித்த பிக் பிளாக்கைச் சுற்றித்தான் கூட்டம். என் எல்எஸ்3-ஐப் பார்த்துவிட்டு ‘ஓ, இதுவா’ என்று நகர்ந்துவிடுவார்கள். இக்னிஷன் காயில்களை வால்வ் கவர் மேல் வரிசையாகப் பூட்டி வைத்த இன்ஜினை யார்தான் ரசிப்பார்கள்? காட்சிக்கு நிறுத்துவதுதான் உன் ஆசை என்றால் 454-ஏ போடு, நான் வாயைத் திறக்கமாட்டேன். ஆனால் எஸ்எஸ் எழுத்தை மட்டும் ஒட்டாதே. 1970-இல் எஸ்எஸ் ஒரு விருப்பத் தொகுப்புதான், வண்டி எண்ணைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் போலி எஸ்எஸ் இத்தனை ஓடுகிறது. நல்ல மாலிபுவாக இருப்பதில் என்ன குறைச்சல்?

புகைச் சோதனையைப் பற்றிப் பயப்படாதே. 1975 மாடலும் அதற்கு முந்தையவையுமான பெட்ரோல் கார்களுக்குக் கலிஃபோர்னியாவில் அது கிடையாது. காப்பீட்டை மட்டும், வண்டியின் மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளும் வகையாக மாற்று. இன்ஜின் மாற்றியதையும் சொல்லி எழுது.

வேலையை யாரிடமாவது முழுசாக ஒப்படைக்கப் போகிறாயா என்று நீ சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் கொடுத்துவிட்டு, கடைசியில் வண்டியை அட்டைப் பெட்டிகளில் திரும்ப வாங்கி வந்தார். கொடுப்பதாக இருந்தால் வேலையைத் துண்டு துண்டாகக் கொடு: பிரேக் முடிந்து வண்டி வீட்டுக்கு வரட்டும், அப்புறம் பெட்ரோல் டேங்க், கடைசியில் இன்ஜின். வயரிங்கை நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்யலாம். ஏப்ரலில் என் கால் சரியானதும் அங்கே வருகிறேன், மல்டிமீட்டரோடு.

பம்ப் போட டேங்கைக் கீழே இறக்குவாய் அல்லவா, அப்போது தண்ணீர் அடித்துக் கழுவிவிடாதே. அந்தக் காலத்தில் வண்டியைப் பூட்டியவர்கள் தயாரிப்புத் தாளைப் பல நேரம் டேங்கின் மேலேயே செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் என்ன நிறம், என்ன அச்சு, என்ன கியர்பாக்ஸ் என்று எல்லாம் இருக்கும். காகிதம் தொட்டால் பொடியாகலாம், அதனால் எடுப்பதற்கு முன் அப்படியே படம் பிடி. கிடைத்தால் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. அச்சு விகிதம் அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு டயர் அளவைப் பற்றி எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்